திவசத்தன்று கொல்லாத மீன்

கரமனை அக்ரஹாரத்துப் பட்டாபி என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் மனைவி விஜயத்துக்கே முழுசாகத் தெரியாது. மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அட்டெண்டர். தொட்டி கழுவுவார், தீனி போடுவார் என்று நினைத்திருந்தாள். அங்கே மீனைக் கொல்வதும் அவர்தான் என்று பட்டாபி வாய் திறந்ததில்லை. வேலை முடிந்ததும் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுப் படி ஏறுவார்.

கொல்வதற்குக் காரணம் இருந்தது. ஆற்றில் அநேகமாக அற்றுப்போன ஒரு கெண்டை இனத்தைத் தொட்டியில் பொரிக்கவைத்துத் திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்று நிலையத்து விஞ்ஞானி டாக்டர் பத்மஜா பாடுபட்டுக்கொண்டிருந்தார். தொட்டியில் வளர்ந்த குஞ்சுக்கு விரால் என்றால் யாரென்றே தெரியாது. வாய்க்கு நேரே போய் நிற்கும். அதற்குப் பிறவியிலேயே தெரிந்த பயம் ஒன்றுதான்: அடிபட்ட இன்னொரு கெண்டையின் தோலிலிருந்து கசிகிற வாடை. அதனால் ஒரு குஞ்சைக் கொன்று, தோலை அரைத்து, விரால் கிடந்த தண்ணீரோடு கலந்து தொட்டியில் ஊற்றவேண்டும். அத்தனை குஞ்சும் அடியில் போய் ஒடுங்கிவிடும். அப்புறம் விரால் வாடை பட்டாலே ஓடும்.

பாழாய்ப்போன அந்த வேலை பட்டாபியின் அப்பா திவசத்தன்று வந்து விழுந்தது.

"நாளைக்குக் காலையிலே குஞ்சுகளை ஆத்துல விடணும். தோலரைச்ச தண்ணி மாத்திரம் கலந்துட்டு நீங்க வீட்டுக்குப் பொய்க்கோளூ" என்று மலையாளம் கலந்த தன் தமிழில் சொல்லிவிட்டு பத்மஜா மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

காலையில் பிண்டம் வைத்த கை. ஒரு குஞ்சை வலையில் அள்ளினார். துடித்தது. திரும்ப விட்டுவிட்டு, விரால் தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றினார். குஞ்சுகள் எதுவும் நடக்காததுபோல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஓர் உயிர் தப்பியதே என்று பட்டாபிக்கு மனசு லேசாகிவிட்டது. அன்று முழுக்குக்கும் அவசியமில்லாமல் போயிற்று.

மறுநாள் படித்துறையில் குஞ்சுகளை விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பாசிக்கடியிலிருந்து விரால்கள் கிளம்பி வந்தன. ஒரு குஞ்சும் ஓடவில்லை. நேற்று அதே வாடையில் ஒன்றுமே ஆகவில்லையே. பயப்படாதே என்று பட்டாபியே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. விரால்கள் அவசரப்படாமல் தின்றன.

பத்மஜா முகம் வெளுத்து நின்றார். "நம்ம முறையே தெற்று போலிருக்கு. இனி இந்தக் கொலை வேண்டா. அடுத்த குஞ்சுகளை வெறுதே, ஒண்ணும் பழக்காம விட்டுடலாம்."

பேசாமலிருந்தால் வேலை தப்பும். அடுத்த குஞ்சுகளும் இதே வாய்க்குத்தான் போகும்.

"முறை தப்பில்லே, மேடம். நான்தான் கொல்லலே. அப்பாவோட திவசமாக்கும் நேத்து."

பத்மஜா திட்டியிருந்தால் தேவலை.

"ஒண்ணு மதியாயிருந்துதே, பட்டாபி. ஒரே ஒண்ணு போதுமாயிருந்தது."

சாயங்காலம் பட்டாபி துண்டும் கையுமாக அதே படித்துறைக்கு வந்தார். கடைசிப் படியோரம் ஒரு விரால் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, மிச்சம் மீதி கிடைக்குமா என்று. அவர் தண்ணீரில் கால் வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, கொன்ற நாளில் குளிக்காமல் வீட்டுக்குப் போனார்.