முன் சக்கரம்

தொண்ணூறுகளில் தினமும் காலையில் நாங்கள் குடியிருந்த நீலசந்திராவிலிருந்து மனைவியைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, அவள் தைக்கப் போகும் கார்மென்ட்ஸ் வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். ஒருநாள் பின் சக்கரம் கோணிக்கொண்டது. சைக்கிள் கடை பாய், "முன்னாடி ரிம்மும் துரு அரிச்சிருக்கு, ரெண்டையும் மாத்திடுங்க" என்றார்.

"பாரமெல்லாம் பின்னாடிதானே பாய்? அங்க மட்டும் கெட்டியா ஒண்ணு போடுங்க" என்றேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

அந்த மாதமே, மழைத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் இறங்கியதும் முன் சக்கரம் மடங்கியது. எனக்குச் சிராய்ப்புதான். அவள் வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள். மணிக்கட்டு எலும்பு சரியாகக் கூடவில்லை. தையல் வேலை போயிற்று.

"நீங்க வேணும்னே செய்யலையே, விடுங்க" என்பாள்.

அவளுக்காகப் போட்ட பின் சக்கரம் கோணாமல் ஓடியது. கேரியர்தான் காலியாக வந்தது.