நான் அவர் அல்ல

மார்ச் பத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்று அடியோடு நின்றுபோன வெயில். வேட்புமனு கொடுக்க இன்னும் ஐம்பது நிமிடமே பாக்கி. நான் நான்கு முறை எண்ணிவைத்த முப்பத்தொரு தாள்களையும் தேர்தல் அலுவலர் ஐந்தாம் முறையாக எண்ணினார். பிறகு பெயரைப் படித்தார். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய புருவங்கள் உயர்ந்தன.

"இதே பேரு, இதே இனிஷியல்ல காலையிலயே ஒருத்தர் மனு குடுத்துட்டாரே. பெரிய கட்சி வேட்பாளர்."

"குடுக்கட்டும் சார். இது எங்கப்பா எனக்கு வெச்ச பேரு."

"அது சரி பெரியவரே. உங்கள யாரு அனுப்பனது?"

எழுபத்திரண்டு வயதில் அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று வருடம் வயல் வயலாகப் போய் விளைச்சல் கணக்கெடுத்தவன் நான். ஒரு மூட்டையைக் கூட்டிப்போட்டதில்லை, குறைத்துப்போட்டதும் இல்லை. என்னை யாரும் எங்கும் அனுப்பவில்லை.

தொகுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் அவர் பெயரையும் எழுதியதாகிவிடும்.

நான் நின்ற காரணம் மிகச் சிறியது. எங்கள் இரண்டு தெருவுக்கும் மழைநீர் வடிகால் கிடையாது. நவம்பர் வந்தால் கூடத்தில் முழங்கால் தண்ணீர். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கடலூருக்குப் போய் முப்பத்தேழு மனு கொடுத்திருந்தேன். முப்பத்தேழாவது மனுவை வாங்கியவர், "இவ்ளோ ஆத்திரம் இருந்தா எலெக்‌ஷன்ல நிக்க வேண்டியதுதானே" என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை நான் சிரிக்காமல் எடுத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தவன் ஒன்றைக் கோட்டைவிட்டேன். அந்தப் பெரிய கட்சிக்காரரை ஊரே பட்டப்பெயரால்தான் கூப்பிடும். பத்திரிகையிலும் அதுதான் வந்தது. அவருடைய சான்றிதழ்ப் பெயர் என்ன என்று நான் விசாரித்திருக்க வேண்டும். செய்யவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி. ஒரு வேட்பாளரின் ஓட்டைப் பிரிக்க அதே பெயருள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து, பணம் கொடுத்துச் சுயேச்சையாக நிறுத்துவது நம்முடைய தேர்தல்களில் பழகிய வேலை. அன்று மாலைக்குள் ஊருக்கெல்லாம் நான் அப்படி வாங்கப்பட்ட ஆளாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தரப்பிலிருந்து ஒருவர் வந்தார். கையில் துணிப்பை.

"நாளைக்கு மூணு மணி வரைக்கும் டைம் இருக்குது. ஒரு கையெழுத்து போட்டு வாபஸ் வாங்கிடுங்க. அவுங்க குடுத்ததுக்கு மேலயே வெச்சிருக்கேன்."

"எவுங்க குடுத்தது?"

"அட, வுடுங்க பெரியவரே. எங்களுக்குத் தெரியாதா?"

பையோடு திருப்பி அனுப்பினேன். மாலையில் எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் வந்தார். இவர் பை கொண்டுவரவில்லை, பழம் கொண்டுவந்தார். "நீங்க நில்லுங்க ஐயா. நோட்டீஸு, ஆட்டோ, மைக்கு எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீங்க வெளியிலகூட வர வேணாம்." பழத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

என் மனைவியின் தம்பி கூடவே இருந்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தேர்தல் ஏஜெண்டும் அவனே.

"மாமா, ரெண்டு பேரையும் முறைச்சிக்கினீங்க. இனிமே வாபஸ் வாங்கினா அவன்கிட்ட வாங்கிட்டன்னுவான், நின்னா இவன்கிட்ட வாங்கிட்டன்னுவான். என்னா பண்ணப்போறீங்க?"

"நிப்பேன் மச்சான். யாரு காசுல நிக்கறன்னு ஊருக்குக் காட்டிட்டு நிப்பேன்."

எனக்குக் கட்டில் சின்னம் கிடைத்தது. சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'நான் அவர் அல்ல'. கீழே: 'அவருக்கு வாக்களிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து கட்டில் சின்னத்தைத் தொட வேண்டாம். இயந்திரத்தில் அவர் பெயர் இரண்டாவது, என் பெயர் பதினான்காவது. வடிகால் வேண்டுபவர்கள் மட்டும் எனக்கு வாக்களிக்கவும்.' அச்சகக்காரர் இரண்டு தடவை படித்தார்.

"சார், இது உங்க நோட்டீஸா, அவரு நோட்டீஸா?"

"என்னுது. நாலாயிரம் அடிங்க. எண்ணித்தான் எடுத்துப்பேன்."

மறுநாளிலிருந்து இருவரும் மொபெட்டில் கிளம்பினோம். டீக்கடைகளில் எங்களைக் கண்டதும் பேச்சு நிற்கும், பிறகு இரண்டு மடங்காகத் தொடங்கும்.

"வாங்க கட்டிலு! எந்தக் கட்சி காசுல வாங்கனது, தேக்கா வேம்பா?"

"வேம்பு. அதான் உனக்குக் கசக்குது" என்றான் மச்சான்.

ஒரு தெருவில் குழாயடியில் நின்ற ஓர் அம்மாள் நோட்டீஸைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஓட்டு கேக்க வந்துட்டு ஓட்டுப் போடாதன்னு சொல்ற ஆள இப்பதான் பாக்கறேன். இதுக்கே உனக்குப் போடலாம்போல இருக்குது" என்றாள். அவள் எனக்குப் போடுவாளா, அவரென்று நினைத்து எனக்குப் போடுவாளா என்று அன்று முழுக்கக் கவலைப்பட்டேன்.

என் கால்கள் நாற்பத்து நான்கு வாக்குச்சாவடிப் பகுதிகளோடு நின்றுவிட்டன. மற்ற ஊர்களுக்கு என் குரல் போகவில்லை.

மே இரண்டாம் தேதி எண்ணினார்கள். எனக்கு 612 ஓட்டு. அவர் தோற்றது 389 ஓட்டில். நான் பயந்தது அப்படியே நடந்தது. அன்று மாலை வாசலில் ஏழு பேர் நின்று கத்தினார்கள். அதில் ஒருவர் பழைய துணிப்பைக்காரர்.

"அறுநூறு ஓட்ட முழுங்கிட்டியேய்யா! எவ்ளோ வாங்கன?"

சாவடிவாரியான பட்டியல் கைக்கு வந்ததும் உட்கார்ந்து கூட்டினேன். நான் நோட்டீஸ் கொடுத்த நாற்பத்து நான்கு சாவடிகளில் 431. நான் போகாத சாவடிகளில் 181. அந்த 181-ம் பெயரில் ஏமாந்து விழுந்தவை என்றே வைத்துக்கொள்வோம். அத்தனையும் அவருக்கே திரும்பிப் போயிருந்தாலும் அவர் 208 ஓட்டில் தோற்றிருப்பார். தாளை எடுத்துக்கொண்டு துணிப்பைக்காரர் வீட்டுக்கே போய்க் காட்டினேன்.

"இந்த நானூத்தி முப்பத்தி ஒண்ணும் உங்களுக்கே போட்டதுன்னு எப்புடிச் சொல்றீங்க?" என்றார்.

என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. பொத்தானை அழுத்தும்போது ஒருவர் மனதில் யார் இருந்தார் என்பது எந்தப் பட்டியலிலும் வராது. ஆனால், என்னை யார் நிறுத்தினார்கள் என்பதற்குப் பட்டியல் உண்டு. அதை அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

தோற்ற சுயேச்சைகள் பலர் செலவுக் கணக்குக் கொடுக்கவே வருவதில்லை என்று கடலூரில் அந்தக் கணக்கை வாங்கும் மேசையில் இருந்தவர் சொன்னார். நான் கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போதே போய்விட்டேன். படிவத்தில் பணம் வந்த வழி என்று ஒரு பகுதி. கட்சி கொடுத்தது: இல்லை. பிறர் கொடுத்தது: இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யையும் தாள் பள்ளம் விழ அழுத்தி எழுதினேன். சொந்தப் பணம்: 17,760. எல்லாவற்றுக்கும் ரசீது.

"இத யாராவது கேட்டா காட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"யாரு வேணும்னாலும் பாக்கலாம் சார். ஆனா இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல."

"கேப்பாங்க. ஏழு பேர நானே அனுப்பறேன்."

பறிபோன டெபாசிட் பத்தாயிரம் அந்தக் கணக்கில் சேராது என்றார். என் கணக்கில் சேரும். எவன் கையும் படாத பணம், மொத்தம் இருபத்தேழாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்.