எங்கள் வீட்டில் மழைக்காலம் கழித்த சுருட்டுப் பெட்டி

புனேக்குப் பக்கத்தில் ரஞ்சன்காவில் இருக்கும் ஆலையில் எனக்கு வேலை, அளக்கும் கருவிகளைச் சோதிப்பது. தராசு சரியாக எடை காட்டுகிறதா, வெப்பமானி பொய் சொல்கிறதா என்று பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஸ்டிக்கர் இல்லாத கருவியை யாராவது தொட்டால் கத்துவேன். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் எங்கள் ஆலைத் தலைவருக்கு என் மேல் நம்பிக்கை வந்திருக்க வேண்டும்.

அவர் ஐரோப்பாக்காரர். ஜூனில் இரண்டு மாத விடுப்பில் கிளம்பினார். பூட்டிய வீட்டில் புனே மழைக்குத் தன் சுருட்டுகள் பூஞ்சை பிடித்துவிடும் என்று அவருக்குக் கவலை. ஆலைக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் என்னை நிறுத்தி ஒரு மரப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே இருபது சுருட்டுகள், மூடிக்கு அடியில் ஒரு பஞ்சு, பக்கத்தில் முள் வைத்த சின்ன ஈரப்பதமானி.

"முள் அறுபத்தைந்துக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் பஞ்சில் கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். காய்ந்துவிட்டால் மேல் இலை வெடித்து, காகிதம் மாதிரி எரிந்து போகும். ஈரம் ஏறிவிட்டால் ஒரு பக்கம் எரியும், மறு பக்கம் எரியாது. உங்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

என் ஆய்வுக்கூடத்திலேயே வைத்துவிடலாம் என்று பார்த்தால் கேட்டிலிருந்த காவலர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மேடம், தம்பாகூ ஆத் சாலணார் நாஹி" என்று கையை விரித்தார். புகையிலை உள்ளே போகாது. தலைவருடையது என்றாலும் போகாது. அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹடப்சர் வரை வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் பெட்டியை உயர்த்திப் பிடித்ததைப் பார்த்து, பக்கத்து சீட்டுப் பெண் உள்ளே கேக்கா என்று கேட்டாள்.

மகர்பட்டாவில் எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேர். நான், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் கணவர், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மாமனார். மாமியார் பெங்களூரில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார், மாமியார் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சிகரெட்டை விட்டுப் பல வருடம் ஆகிறது. விட்டாரே தவிர மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படுக்கையறை அலமாரியில், வெயிலோ சாரலோ படாத தட்டில் பெட்டியை வைத்தேன். மறுநாள் முள் அறுபத்தொன்றில் நின்றது. பஞ்சில் பத்துச் சொட்டு விட்டேன். இரண்டு நாள் கழித்து அறுபத்து மூன்று. இன்னும் பத்துச் சொட்டு. ஒரு வாரத்தில் அறுபத்தாறுக்கு வந்து நின்றது. தினமும் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் குறித்தேன். அறுபத்தாறு, அறுபத்தாறு, அறுபத்தாறு. அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்துத் தலைவருக்கு அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

வெளியே விடாத மழை. பால்கனிக் கொடியில் துணி காயவில்லை. "மூணு நாளா என் ஜீன்ஸ் காயல. அந்தச் சுருட்டுக்கு மட்டும் தனி சீதோஷ்ணமா?" என்று கணவர் புலம்பினார். "உங்க ஜீன்ஸ நம்பி யாரும் என்கிட்ட குடுத்துட்டுப் போகல" என்றேன். அப்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் அடுக்களை வாசலில் வந்து நின்றார். முகத்தில் அக்கறை.

"அம்மிணி, உங்க தலைவர யாரோ நல்லா ஏமாத்திப் போட்டாங்க. மட்டமான சரக்கு."

"எந்தச் சரக்கு மாமா?"

"அந்தச் சுருட்டுத்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தோசையைப் பார்த்தார். "வாசத்துலயே தெரியுமே."

நான் அடுப்பை அணைத்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னே கொண்டுவந்தார். எவர்சில்வர் டம்ளருக்குள் முக்கால்வாசிச் சுருட்டு. ஒரு பக்கம் விரல் நீளத்துக்கு எரிந்து குழிந்திருந்தது. மறு பக்கம் இலை நிறம் மாறாமல் அப்படியே நின்றது. பார்க்கப் பாதி குடைந்த படகு மாதிரி இருந்தது.

"பத்த வெச்சு உறிஞ்சுனா காத்தே வரமாட்டீங்குது கண்ணு. நாலு இழுப்பு இழுக்கறதுக்குள்ள அணைஞ்சு போகுது. ஒம்பது குச்சி கிழிச்சுட்டேன். கன்னமெல்லாம் நோவுது. இதுக்குப் போயா வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தாங்க?"

தப்பு செய்தவர் புகார் கொடுப்பது போலவே பேசினார். எனக்கும் கோபம் வரவில்லை. டம்ளரை வாங்கி, ஃபோன் வெளிச்சத்தில் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழுத்தினால் ஊறிய பொரி மாதிரி அமுங்கியது. சுருட்டு சொல்வது ஒன்று, முள் சொல்வது ஒன்று. ஊரில் இருக்கும் கருவிக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுகிற நான், இந்த ஒரு மீட்டரை மட்டும் சோதிக்கவே இல்லை.

அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாத அளவு தண்ணீர் விட்டு ஈரமாக்கி, மீட்டரோடு ஒரு டப்பாவில் இறுக மூடி வைக்க வேண்டும். மறுநாள் எழுபத்தைந்து காட்டினால் மீட்டர் யோக்கியம். எங்களுடையது அறுபத்தொன்று காட்டியது. பதினான்கு குறைவு. நான் அறுபத்தாறு, அறுபத்தாறு என்று பெருமையாக எழுதிய நாளெல்லாம் உள்ளே எண்பது.

"அப்ப நான் எடுத்தது நல்லதாப் போச்சுன்னு சொல்லு" என்றார் மாமனார்.

"அதை நான் சொல்லமாட்டேன் மாமா."

"சரி, அத்தைகிட்டயும் சொல்லீராத."

பஞ்சை எடுத்துக் காயப் போட்டேன். வேகமாக உலர்த்தினால் இலை வெடிக்கும் என்பதால் சுருட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி, அறுபத்தைந்தில் நிறுத்தும் ஈரப்பதப் பொட்டலங்களைக் கூரியரில் வரவழைத்துப் போட்டேன். ஊறிப்போன பொட்டலத்தை எடுத்துப் புதியது வைப்பேன். புது மீட்டரும் வாங்கி, இந்த முறை உப்பில் வைத்துப் பார்த்துவிட்டே நம்பினேன். பத்தொன்பது சுருட்டும் மெல்ல மெல்ல இறுகி, விரலுக்குப் பதமாக வர மூன்று வாரம் பிடித்தது.

ஆகஸ்டில் தலைவர் வந்தார். முதல் நாளே கேட்டுக்கு வெளியே அவர் காரில் பெட்டியை வைத்துவிட்டு, அவர் அறைக்குப் போய், "ஒன்று குறைகிறது. அது எரித்துப் பார்க்கும் சோதனையில் போய்விட்டது" என்றேன்.

"சோதித்தது யார்?"

"என் மாமனார்."

"அவருக்குத் தகுதி?"

"முப்பது வருடச் சிகரெட்."

மீட்டர் கதையையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. அந்த மீட்டரை ஆறு வருடமாக நம்பித்தான் குடித்துக்கொண்டிருந்தாராம். மாலையில் கேட்டுக்கு வெளியே இருக்கும் புகைபிடிக்கும் கொட்டகைக்கு என்னையும் கூட்டிப் போய் ஒன்றைப் பற்றவைத்தார். நெருப்பு வளையம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இறங்கியது. அரை மணி நேரம் நான் அந்தச் சாம்பலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிளம்பும்போது இன்னொன்றை எடுத்து, "சோதனையாளருக்கு" என்று நீட்டினார்.

வீட்டுக்கு வந்து மணி அடித்தேன். கதவைத் திறந்தது, அன்று மதியம்தான் பெங்களூரிலிருந்து வந்திறங்கிய மாமியார். என் துப்பட்டாவை முகர்ந்தார்.

"ஏம்மா, என்ன வாசம் இது? சுருட்டா?"

அவருக்குப் பின்னால் மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆபீஸ் வேலை அத்தை. டெஸ்டிங்."

"பொம்பளப் புள்ளைய நிக்க வெச்சுச் சுருட்டு டெஸ்ட் பண்றாங்களா? உங்க தலைவர் நம்பரக் குடு. நான் பேசறேன்."

அவர் உண்மையாகவே ஃபோனைக் கையில் எடுத்துவிட்டார். தலைவர் எடுத்தால் சோதனையாளர் பற்றித்தான் முதலில் விசாரிப்பார். மாமனார் இரண்டடி முன்னே வந்தார்.

"அவருகிட்ட எதுக்குப் பேசற? தப்பு என்ற மேல. ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பத்த வெச்சேன். அதுவும் எரியல."

கணவர் அறைக்குள் ஏதோ மீட்டிங்கில் இருப்பது போலக் கதவைச் சாத்திக்கொண்டார். மாமியார் யாரையும் திட்டவில்லை. நான் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய சுருட்டை வாங்கி, ஒருமுறை நன்றாக முகர்ந்தார்.

"நல்ல மர வாசம். பூச்சி அண்டாது" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அதைப் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்து பீரோவைப் பூட்டிவிட்டாராம். மாமனார் ஃபோனில் சொன்னார். குரலை மிகவும் தாழ்த்தி, அந்த பீரோவுக்குள் ஈரப்பதம் எவ்வளவு இருக்கும் என்று என்னைக் கேட்டார்.