எண் போட்ட மனு

வியாழக்கிழமை மாலை ஆறே காலுக்கு ஒரு முழுத்தாளின் இடது ஓரத்தில் ஒன்று என்று எண் போட்டேன். சபைக் கோயில் மணி ஆறு அடித்தபின் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்ததால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது. போலீஸ் வந்த நாளில்தான் எல்லாம் கெட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆறே கால்தான்.

என் மகன் சாலைக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுத்துக் கோப்பான். காலை ஏழு மணிக்கு எழுத்துப் பெட்டியின் முன் நின்றால் இருட்டும்வரை நிற்க வேண்டும். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவனுக்கு மறுநாள் அந்த இடம் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கிருந்த இருபத்துமூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பேசிச் சேர்த்துச் சங்கம் தொடங்கியவன் அவன்தான். ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் வீட்டில் கூடினார்கள். நான் மிஷன் பெண்பள்ளியில் ஆசிரியை, விதவை. அவர்கள் குரல் உயரும்போதெல்லாம் எழுந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவேன்.

பத்து மணி நேர வேலை, நோய்க்கு விடுப்பு, இரண்டும் கேட்டு மானேஜருக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினார்கள். கையெழுத்துகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு தட்டைக் கவிழ்த்து, பென்சிலால் சுற்றிலும் கோடு இழுத்து, அந்தக் கோட்டைச் சுற்றிப் பெயர்கள், இரண்டு மூன்று பெருவிரல் ரேகைகள். ஆலப்புழையில் கயிறு ஆலைக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று அச்சு மெஷின்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். வட்டத்தில் முதல் ஆள் யார், கடைசி ஆள் யார் என்று எவனும் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு அது பிள்ளைகள் சிலேட்டில் கிறுக்கியதுபோல் இருந்தது. மகனின் இங்கிலீஷிலும் நான்கு பிழைகள். நான் நல்ல தாளில் திருத்தி எழுதித் தருவதாகச் சொன்னேன். எழுதினேன். கீழே, பள்ளி வருகைப் பதிவேட்டில் இருபது வருடமாக எழுதிப் பழகியபடி, இங்கிலீஷ் அகரவரிசையில் எண் போட்டு இருபத்துமூன்று பெயர்களை வரிசையாக இறக்கினேன். பெயருக்கு நேரே கையெழுத்துப் போட இடம் விட்டேன்.

மெஷின்காரர் பார்த்துவிட்டு, வட்டம்தான் நல்லது என்றார். எண் இல்லாத பட்டியலை எங்கள் பள்ளி இன்ஸ்பெக்டர் கையால் தொடமாட்டார் என்று நான் சொன்னேன். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் எண்ணில் வந்தவர் பைண்டர். பசை காய்ச்சிப் புத்தகம் தைக்கிறவர். மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். கூட்டங்களில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாரே தவிர வாய் திறந்து நான் கேட்டதில்லை. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தன் பெயர் எது என்று என் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தமிழில் மெதுவாக எழுதினார்.

“பள்ளிக்கூடத்துல நான் ஒரு நாளும் முதலாவதா வந்ததில்லெ டீச்சரம்மா. நீங்க ஆக்கிப் போட்டியளே” என்றார்.

என் மகனின் எண் பத்தொன்பது.

திங்கட்கிழமை மனுவைக் கொடுத்தார்கள். மானேஜர் விரலை முதல் பெயரில் வைத்து அந்த ஒருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டாராம். சங்கத்துக்குத் தலைவன் நீதானே என்றாராம். தன் பெயர் ஏன் முதலில் வந்தது என்று பைண்டருக்கே தெரியாது, எப்படி விளக்குவார்? அன்று மத்தியானமே அவரை வெளியே அனுப்பினார்கள். அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி மற்றவர்கள் வேலையை நிறுத்தி வாசலில் நின்றார்கள். மூன்றாம் நாள், யாரும் எறியாத கல்லை எறிந்ததாகச் சொல்லிப் பைண்டரைப் போலீஸ் கொண்டுபோயிற்று.

அன்று மாலை என் மகன் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். ‘சங்கத்தைக் கூட்டியது நான், மனு எழுதியது நான்’ என்று சொல்லப் போவதாகச் சொன்னான். நான் அழவில்லை. வகுப்பில் பேசும் குரலில் பேசினேன். “நீ போனா அவரெ விடமாட்டாங்க மக்கா. ரெண்டு பேரும் உள்ள கிடப்பிய. வெளிய இருந்தா அவருக்கு வக்கீலாவது வைக்கலாம்.” சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் அவன் நின்றுவிட்டான். வக்கீல் யாரையும் நாங்கள் வைக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வாசலில் நின்றவர்கள் நாளுக்கு இரண்டு மூன்று பேராகக் குறைந்தார்கள். ‘நான் எந்தச் சங்கத்திலும் அங்கத்தினன் அல்ல’ என்று மானேஜர் ஒரு துண்டுச்சீட்டு அச்சடித்து வைத்திருந்தார். அதில் கையெழுத்துப் போட்டவன் உள்ளே போகலாம். முதலில் திரும்பிப் போன கம்பாசிட்டர்தான் அந்த வரியைக் கோத்தானாம். பன்னிரண்டாம் நாள் என் மகனும் போட்டான். போடச் சொன்னது நான். அன்றிலிருந்து என் முன்னால் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதில்லை.

அகரவரிசை பழக்கத்தால் வந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது உண்மை. ஆனால் ஒன்று என்று எழுதியபோது, என் மகன் பெயர் வெகு கீழே போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? அவனுக்குப் பெயர் வைத்தவளே நான்தான். அந்த மாலை மனதில் சிறிது நிம்மதி இருந்ததா என்று என்னையே கேட்கிறேன். இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

பைண்டரின் மனைவி வந்து என்னைத் தெருவில் நிறுத்தித் திட்டுவாள் என்று தினமும் எதிர்பார்த்தேன். பள்ளியில் வகுப்பு வாசலில் நிழலாடினால் அவள்தானோ என்று திரும்பிப் பார்ப்பேன். அவள் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, கல்லெறிந்ததற்குச் சாட்சி இல்லை என்று அவரை விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை, நான் பள்ளிக்குப் புறப்படும் நேரம், அவள் வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றாள். என் மகன் பின்கட்டில் இருந்தது அவளுக்குத் தெரியும். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

“அவரு வந்தாச்சு டீச்சரம்மா. அங்க வச்சு தெனமும் ஒரே கேள்விதான் கேட்டிருக்காங்க. இங்கிலீஷ் தெரியாத உனக்கு இதெ எழுதித் தந்தது ஆரு, ஆளெக் கூட்டினது ஆருன்னு. கேட்டுக் கேட்டு அடிச்சிருக்காங்க. அவரு சொல்லல்லெ. நானா இருந்தா ரெண்டு பேரையும் சொல்லியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்.”