கழுத்து ரப்பரில் சிக்கிய மாணிக்கம் அண்ணன்

போன மாதம் சிராங்கூன் ரோட்டில் வாழையிலை முன் உட்கார்ந்து இரண்டாவது அப்பளத்துக்குக் கை நீட்டியபோது செய்தி வந்தது. மாணிக்கம் அண்ணன் போய்விட்டார். அவரை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்? கண் கலங்குவதற்கு முன் கை கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடியது. ஆறு வருடமாகப் பொத்தி வைத்திருந்த படம். இனி அதை வெளியிடத் தடையில்லை.

நம்மில் பாதிப் பேருக்கு முக்குளிப்புச் சாமான்கள் விற்றவர் அவர். ஐஸ்லாந்து ஏரியில் இறங்க நாங்கள் நாலு பேர் ஆசைப்பட்டபோது, டிரைசூட் வாங்க அவருடைய மாடிக் கடைக்குத்தான் போனோம். தண்ணீர் புகாத உடை அது. ஆனால் குளிர் தாங்க உள்ளே கம்பளி உடுப்பு வேண்டும்.

“கம்பளியோட போட்டுப் பாருங்க. உக்காந்து எந்திரிங்க. கை தோள் வால்வுக்கு எட்டுதான்னு பாருங்க. கையுறை, தலையுறை எல்லாம் அப்புறம்” என்றார்.

சிங்கப்பூர் வெயிலில், ஏர்கான் பழுதான மாடியில், கம்பளியா? பனியனோடு போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் என் தொப்பையைக் காணோம். அந்த அளவையே எடுத்தேன்.

“அழகா இருக்கீங்க எழுத்தாளரே” என்றதோடு நிறுத்திக்கொண்டார். அவர் வாதாடுகிறவர் அல்லர், காத்திருக்கிறவர். எங்களோடு கிளம்பியும் வந்தார்.

ஏரிக்கரையில் கம்பளிக்கு மேல் அதை எனக்கு மாட்டிவிட மூன்று பேர் தேவைப்பட்டார்கள். தண்ணீருக்குள், உடை இறுக்கியதில், காற்றை வெளியேற்றும் தோள் வால்வுக்கு என் கை எட்டவில்லை. காற்று அத்தனையும் காலுக்கு ஏற, வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கினேன். அண்ணன் நீந்தி வந்தார். முதலில் படம் எடுத்தார், பிறகுதான் நிமிர்த்திவிட்டார்.

மறுநாளே பழி வாங்கினேன். டிரைசூட்டின் கழுத்தில் தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் வளையம் உண்டு, பவுடர் தடவினால்தான் தலை வழுக்கிக்கொண்டு நுழையும். “பவுடர் போடாம கழுத்து ரப்பரைத் தொடாதீங்க” என்று ஊருக்கெல்லாம் ஓதியவரின் பவுடர் டப்பாவை என் பையில் ஒளித்துவைத்தேன். டப்பாவைக் கொண்டுவர மறந்துவிட்டோம் என்று நினைத்து அப்படியே தலையை நுழைத்தார். முகம் மட்டும் வெளியே வந்தது, காதும் பின்தலையும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. சிரிப்பை அடக்க முடியாமல் அவரே குலுங்கினார். நான் படம் எடுத்தேன்.

“எடுத்துக்குங்க. ஆனா நான் உசுரோட இருக்கிற வரைக்கும் வெளிய விடாதீங்க லா.”

சரி என்று வாக்குக் கொடுத்த பிறகே அவர் காதை மடக்கித் தலையை வெளியே இழுத்தேன். என் படத்துக்கு அப்படி வாக்கு வாங்கத் தோன்றவில்லையே! ஊர் திரும்பிய வாரமே அது கடைச் சுவரில் சட்டத்துக்குள் ஏறியது. கீழே ‘பனியனோடு அளவு பார்த்தவர்’ என்று எழுதியிருந்தார். ஆறு வருடம் வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கழற்றச் சொன்னால், வியாபாரத்துக்கு ராசியான படம் என்பார்.

ஆகவே செய்தி வந்த அன்று மாலை, நம் முக்குளிப்புக் குழுவில் எல்லாருக்கும் அனுப்பத் தயாராகத்தான் ஆங் மோ கியோவில் அவர் உடலை வைத்திருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போனேன். மகள் கவிதா என்னிடம் வந்தாள்.

“அங்கிள், பேப்பர்ல மரண அறிவிப்புக்குக் குடுக்க அப்பா படம் இருக்கா? எங்ககிட்ட இருக்கிறது எல்லாமே தண்ணிக்குள்ள மாஸ்க் போட்டது. யாருன்னே தெரியல.”

அவர் முகம் தெரிந்து சிரிக்கிற ஒரே படம் என்னிடம் இருந்தது. கொடுத்தேன். பவுடர் டப்பாவைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஓரங்களை வெட்டிப் பேப்பரில் போட்டார்கள். கறுப்புச் சால்வை போர்த்திய மகான் மாதிரி இருந்தார். என்ன சாந்தம் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். ஆறு வருடக் கோபத்தை வைத்து அவரை நானே மகானாக்கியிருந்தேன்.

கடையைக் காலி செய்தபோது என் தலைகீழ்ப் படத்தைக் கவிதா என்னிடமே தந்துவிட்டாள். அது இப்போது என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பக்கத்தில் அவருடையது, வெட்டாதது, இரண்டு மடங்கு பெரியது. கீழே ‘பவுடர் போடாதவர்’ என்று எழுதியிருக்கிறேன்.

அன்று காதை மடக்கி வெளியே இழுத்தேன். இந்தத் தடவை இழுக்கப் போவதில்லை. அங்கேயே மாட்டிக்கொண்டு சிரிக்கட்டும்.