நல்லவேளை ஹொர்லோ

எங்கள் மேய்ச்சல் வட்டாரத்தில் ஹொர்லோ என்று பெயரைச் சொன்னால் நாலு பேருக்குத்தான் தெரியும். "நல்லவேளை" என்றால் எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் முதலில் வரும். புருஷன் குதிரையிலிருந்து விழுந்து செத்தபோது, துக்கம் கேட்கப் போன எங்களிடம், "நல்லவேளை, கோடையில போனாரு. இதே குளிர்காலமா இருந்தா குழி தோண்ட மண்ணு இளக மூணு நாளு நெருப்பு மூட்டணும்" என்றாள். பனி கடித்து இடது காலில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்த வருஷம், "நல்லவேளை, இப்பத்தான் அந்த பூட்ஸு கடிக்காம இருக்கு" என்றாள். ஒரே மகன் தலைநகரத்துக்குப் போனவன், ஒரு போன் கூடப் பண்ணுவதில்லை. அதற்கும் ஒரு நல்லவேளை இருந்தது. அவன் கூப்பிட்டால் சிக்னலுக்காக மலை ஏற வேண்டும், முட்டி தாங்காதாம்.

எனக்கு அவள் பெரியம்மா மகள். அவள் பேச்சைக் கேட்டால் சிரிப்பு வரும், அதைவிட எரிச்சல் வரும். கஷ்டப்படுகிறவள் கஷ்டம் என்று வாய்விட்டுச் சொன்னால்தானே அடுத்தவளுக்குத் தெரியும்?

நான் வட்டாரத் தீவனக் கிடங்குக்குப் பொறுப்பு. அந்த வருஷம் கோடையில் மழை இல்லை. புல் கணுக்கால் உயரம்கூட வளரவில்லை. குளிர் தொடங்கியதும் விழுந்த பனி ஒருநாள் வெயிலில் உருகி, அன்று ராத்திரியே கண்ணாடியாக உறைந்தது. அதன் மேல் மறுபடி பனி. அடியில் இருக்கும் புல்லுக்கு ஆடு காலால் பறண்டினால் குளம்புதான் உடையும். பசியில் ஒன்றின் ரோமத்தை ஒன்று தின்றது. குதிரைகள் வால் இல்லாமல் நின்றன.

குளிர்காலத்தை ஒன்பது ஒன்பது நாளாக ஒன்பது கூறு போட்டுத்தான் நாங்கள் கழிப்போம். ஐந்தாம் ஒன்பது வந்தபோது கிடங்கில் ஒரு லாரி புல்லும், ஒரு பக்கம் போய்வர டீசலும்தான் மிச்சம். வடக்கே கணவாய்க்கு அந்தப்புறம் ஹொர்லோ. மேற்குப் பள்ளத்தாக்கில் யோந்தோன் குடும்பம். யோந்தோன் மனைவி ஒட்டகத்தில் வந்து இறங்கி, என் அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். லாரியை எங்கே அனுப்புவது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் ஹொர்லோ போன் பண்ணினாள்.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. குளிர் எப்படிப் போகிறது என்று கேட்டால் நல்லபடியாகப் போகிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆடுமாடு எப்படி என்றால் கொழுகொழுவென்று இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பட்டியில் பாதி செத்துக் கிடந்தாலும் அதுதான் பதில். வந்தவர் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் டீ குடித்து முடித்த பிறகுதான் நிஜம் வெளியே வரும். போனில் டீ ஏது?

"குளிர் நல்லபடியாப் போகுதாக்கா?"

"நல்லபடியாப் போகுதுடி நோர்ஜ்மா. உங்க பக்கம்?"

"போகுது. ஆடுமாடெல்லாம்?"

"கொழுகொழுன்னு இருக்குதுங்க." மூச்சு வாங்கினாள். "பனி கூடாரத்துக்குப் பாதி வரைக்கும் ஏறிடுச்சு. நல்லவேளை, உள்ளே காத்து வரலை. வறட்டியும் நிறைய இருக்கு. அப்புறம்டி, நோர்ஜ்மா..."

போன் அறுந்துவிட்டது.

நான் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரே ஒரு தடவை. கிடைக்கவில்லை. பெஞ்சில் யோந்தோன் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள். வெளியே லாரி இன்ஜினை அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று டிரைவர் கத்துகிறான்.

"ஹொர்லோ நல்லா இருக்காளாம். மேற்கே போ" என்றேன்.

"அந்தக்கா எப்பத்தான் நல்லா இல்லைன்னு சொல்லிச்சு?" என்றான் அவன்.

"உன் வேலையைப் பாருடா!" என்று எரிந்து விழுந்தேன்.

ஹொர்லோ போனில் சொன்ன பதில் வெறும் வாய்வார்த்தை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நம்புவது வசதியாக இருந்தது. ஒரு பக்கம் நல்லா இருக்கிறது என்று ஆகிவிட்டால் நான் யாரையும் சாகவிட்டவள் ஆக மாட்டேன். இதை இப்போது சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

புல் மேற்கே போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் பனிப்புயல் அடித்தது. யோந்தோனின் மந்தையைக் காற்று தள்ளிக்கொண்டே போய் ஓர் ஓடைப் பள்ளத்தில் இறக்கிப் பனியால் மூடிவிட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. புல்லில் பாதி பிரிக்காமல் அப்படியே கிடந்ததாம். அவர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தலைநகரத்துக்கு வண்டி ஏறிவிட்டார்கள்.

பனியைத் தள்ளிப் பாதை திறக்கும் டிராக்டரில் நான் ஹொர்லோவிடம் போய்ச் சேர ஏழாம் ஒன்பது ஆகிவிட்டது. பட்டிச் சுவர் ஓரமாகச் செத்த ஆடுகளை விறகு மாதிரி அடுக்கி வைத்திருந்தாள். சில நின்றபடியே விறைத்துப் போயிருந்தன. அவற்றை அவளால் சாய்க்க முடியவில்லை போலும், அப்படியே விட்டிருந்தாள். நாய்கூடக் குரைக்கவில்லை.

கூடாரத்தின் மரக்கதவைத் திறந்தவளின் முகம் பாதியாகியிருந்தது. உள்ளே அடுப்போரமாக ஒரே ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. பால் இல்லாத டீயில் உப்பு போட்டுக் கொடுத்தாள். கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டுத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு எதுக்குக்கா போன் பண்ணினே?"

"புல்லு கேக்கத்தான்."

"கேட்டிருக்கலாமில்ல? முதல் வார்த்தையா அதைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"எடுத்த எடுப்பிலேயே இல்லைப்பாட்டா பாடுவாங்க? ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கேக்கலாம்னு இருந்தேன். சிக்னலுக்காகப் போனை அக்குள்ளயே வச்சுக்கிட்டு மலை ஏறினேன், வெளியே எடுத்ததும் குளிரு பேட்டரியைத் தின்னுடுச்சு." அடுப்பில் ஒரு வறட்டியைப் போட்டாள். "அன்னிக்கு நாப்பது உருப்படி நின்னுட்டிருந்துச்சுடி. உன் லாரி வரும் வரும்னு தினமும் கணவாயைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"என்னைத் திட்டுக்கா. வாய் நிறையத் திட்டு."

"திட்டினா எழுந்து வந்துடுமா அதுங்க?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. வெள்ளாட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஏதாவது ஒரு நல்லவேளை சொல்வாள் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷம் எரிச்சலோடு கேட்ட அந்த வார்த்தையை அன்று கேட்டே ஆக வேண்டும் போல் இருந்தது. அவள் சொல்லவில்லை. சொல்ல எதுவும் கிடைக்காமல் அவள் உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

அடுப்பைக் கிளறிவிட்டுக் கேட்டாள்.

"அந்த லாரி யாருகிட்ட போச்சு?"

"யோந்தோன் வீட்டுக்கு."

"அங்கே பொழைச்சுதுங்களா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்கிறவளிடம் ஓடைப் பள்ளத்தை எப்படிச் சொல்வது?

"பொழைச்சிருச்சுக்கா. எல்லாமே."

"எல்லாமேவா?"

"ஆமாக்கா. கொழுகொழுன்னு."

"அப்பாடா" என்றாள். தோள் இரண்டும் தளர்ந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை. அதுவாச்சும் பொழைச்சுதே." எழுந்து என் கிண்ணத்தில் மறுபடி டீ ஊற்றினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. "அத்தனை ஆடும் ஒண்ணா குட்டி போட்டா யோந்தோன் பொண்டாட்டி ஒருத்தி என்ன பண்ணுவா பாவம்? இங்கே எனக்கு இனிமே என்ன வேலை. பனி கரைஞ்சதும் நான் வந்து கூடமாட நிக்கிறேன்னு அவகிட்ட சொல்லி வைடி."

"சொல்றேன்க்கா" என்றேன்.