பழைய கம்ப்யூட்டரில் திணறிய கப்பல்

பழவேற்காடு கடைத்தெருவில் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். எண்பதுகளின் பின்பாதி. இரண்டு கடை தள்ளி என் பள்ளித் தோழனின் இறால் மண்டி. பரம்பரையாக வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம், அவனுடைய அண்ணன் சிங்கப்பூரில் இருந்தார். ஐந்தாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. கணக்கில் நான்தான் எப்போதும் முதல், அவன் என்னைப் பார்த்து எழுதுவான். ஆனால் எங்கள் ஊருக்குள் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது அவன் வீட்டில்.

அது ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். ரப்பர் பொத்தான்கள். டி.வி.யோடு இணைக்க வேண்டும், எழுதியதைக் கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து அவன் இரண்டு விரலால் தட்டுவதைப் பார்க்கும்போது, அந்த விரல்களைப் பிடித்து நகர்த்திவிட்டு நான் உட்கார வேண்டும் போலிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் புதியதொன்றை அனுப்பினார். அதற்குத் தனியாக வண்ணத் திரை, பதிந்து வைக்கக் கேசட்டுக்குப் பதிலாக ஃபிளாப்பித் தட்டு. அன்றைக்குச் சாயங்காலமே அவன் பழைய பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

“இந்தா, நீ வெச்சுக்கோ. எனக்கு இன்னாத்துக்கு ரெண்டு?”

நன்றி சொன்னேன். வாய்தான் சொன்னது. அவன் தூக்கிப் போட்டதைத்தானே எனக்குத் தருகிறான் என்று உள்ளே எரிந்தது. திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை.

அவனிடம் ஒரு ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. அதில் விளையாட்டுகளை வரிவரியாக அச்சிட்டிருப்பார்கள், நாம்தான் பார்த்துத் தட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்த ஒரு விளையாட்டை இருவருமே ஏற்றினோம். திரை முழுவதும் பாறைகள். நடுவே நம் கப்பல். பின்னால் ஒரு எதிரிக் கப்பல் துரத்தும். அவனுடைய புதிய கம்ப்யூட்டரில் கப்பல் வழுக்கிக்கொண்டு போனது. என்னுடையதில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஒரு வாய் டீ குடிக்கலாம். அதற்குப் பிறகுதான் கப்பல் ஒரு கட்டம் நகரும். நகரும்போதெல்லாம் திரை பளிச் பளிச்சென்று வெட்டும்.

அவன் வந்து பார்த்துவிட்டு, பாவம், அது கிழம், அதைப் போய் ஏன் கஷ்டப்படுத்துகிறாய் என்றான். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பெட்டியை மாற்ற என்னால் முடியாது. ஆனால் அதற்குள் ஏற்றிய வரிகளை மாற்றலாம். கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கடையில் வேலை இல்லாத மத்தியானங்களில் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அந்த நேரத்தில்தான் கரண்டும் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் ஆகிவிட்டால் வோல்டேஜ் இறங்கி, தட்டியதெல்லாம் போய்விடும்.

முதலில், மனிதர்கள் படிப்பதற்காக நடுநடுவே எழுதியிருந்த விளக்க வரிகளைத் தூக்கினேன். கொஞ்சம் வேகம் கூடியது. பிறகு ஒன்று பிடிபட்டது. ஒரு குறிப்பிட்ட வரிக்குப் போ என்று சொன்னால் அந்தப் பெட்டி நேராக அங்கே போவதில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டு வருகிறது. அப்படியானால் அடிக்கடி தேவைப்படும் வரிகள் கடைசியில் இருக்கலாமா? எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து, வரி எண்களை மாற்றி, முதலிலிருந்து தட்டினேன். நாலு நாள் ஆயிற்று. கப்பல் முன்பைவிட நன்றாகவே நகர்ந்தது. ஆனாலும் அவனுடையதுபோல் இல்லை. பளிச்சிடுவதும் நிற்கவில்லை.

என் மனைவி ஏரிக்கு நடுவே இருக்கும் பசியாவரத்துப் பெண். அவளுடைய நைனா ஏரியில் இறால் பிடிப்பவர். படகில் வந்து போய்ப் பத்தாவது வரை படித்தவள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்தவள், என் பின்னால் நின்று வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கல்லெல்லாம் நின்ன எடத்துலதான நிக்குது?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“நகர்றது அந்த ரெண்டு போட்டுங்கதான். அப்புறம் இன்னாத்துக்கு எல்லாத்தையும் அழிச்சு அழிச்சு வரைஞ்சினு கீது? அது ரெண்டை மட்டும் அழிச்சா ஆவாதா?”

உனக்கு இதெல்லாம் புரியாது, தூக்கை வைத்துவிட்டுப் போ என்றேன். அவள் போனதும் அந்த வரியைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் திரை முழுவதையும் துடைத்துவிட்டு அத்தனை பாறைகளையும் மறுபடி வரையச் சொல்லியிருந்தது. அதை எடுத்துவிட்டு, கப்பல் முன்பிருந்த கட்டத்தை மட்டும் அழிக்கும்படி எழுதினேன். ஓடவிட்டேன். கப்பல் பறந்தது. பளிச்சிடல் அடியோடு நின்றுவிட்டது.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நாலு நாள் மண்டையைக் குடைந்த எனக்குத் தோன்றாதது, சோறு கொண்டுவந்தவளுக்கு நின்ற நிலையில் தோன்றிவிட்டதே என்றுதான் இருந்தது. அன்று வீட்டுக்குப் போனபோது அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

தோழனிடம் மட்டும் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் கடைக்கு வந்து ஆடிப் பார்த்து அசந்து போனான். இந்த வரிகளை என் கம்ப்யூட்டரிலும் ஏற்றிக் கொடு என்றான். ரம்ஜானுக்கு மெட்ராஸிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்று அவனுக்கு ஆசை. பெருநாளுக்கு முதல் நாள், அதற்கேற்ற சில மாற்றங்களுடன் நானே தட்டிக் கொடுத்தேன்; அவன் பதிந்துகொண்டதும் கரண்ட் போய்விட்டதால் ஓட்டிப் பார்க்கவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் பிரியாணிக்கு அழைத்திருந்தான். மனைவியும் வந்தாள். என் பெட்டியையும் சின்ன டி.வி.யையும் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தேன். முதலில் அவனுடைய கம்ப்யூட்டரை ஓடவிட்டார்கள். பொத்தானைத் தொட்டதுமே கப்பல் பாறையில் மோதி ஆட்டம் முடிந்தது. இன்னொருவர் உட்கார்ந்தார். அவருக்கும் அதே கதி. அந்தக் கம்ப்யூட்டர் இயல்பிலேயே வேகம். அதில் நான் சுருக்கிய வரிகளை ஏற்றியதும் மனிதக் கண்ணால் தொடர முடியாத வேகமாகிவிட்டது. என் கிழட்டுப் பெட்டியில் அது கச்சிதமாக இருந்தது. சிறிது நேரத்தில் எல்லோரும் என் டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவனுடைய மாமா ஒருவர், இதை எப்படிச் செய்தாய் தம்பி என்று கேட்டார். நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று ஆரம்பித்து, கல்லை விட்டுவிட்டுக் கப்பலை மட்டும் அழிக்கும் யோசனை எனக்கு எப்படி வந்தது என்பதுவரை சொன்னேன். உள்ளறை வாசலில் பெண்களோடு என் மனைவி நின்றிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

தோழன் என் காதருகே வந்து, இதை மெதுவாக்க வழி உண்டா என்று கேட்டான். வழி எனக்குத் தெரியும். ஒரே ஒரு வரி.

“அந்த மெஷின் அப்டித்தான். ஒண்ணும் பண்ண முடியாது,” என்றேன்.

அவன் முகம் வாடியது. அதைப் பார்த்து எனக்குச் சுகமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, இருந்தது.

அப்போது வாசலிலிருந்து அவள் குரல் வந்தது. “ஒவ்வொரு அடிக்கும் நடுவுல சும்மா நூறு வரைக்கும் எண்ணச் சொல்லுங்க பாய். எண்ணி முடிச்சிட்டு அப்புறமா நகரும்.”

எண்ணச் சொல்வது எப்படி என்று அவன் கையேட்டைப் புரட்டிப் பார்த்துத் தட்டினான். நூறு போதவில்லை. முந்நூறு என்று மாற்றினான். கப்பல் அழகாக, வண்ணத்தோடு, யார் வேண்டுமானாலும் ஓட்டும்படி நகர்ந்தது. கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

“ஒனக்கு எப்டிமா தெரிஞ்சுது?” என்று கேட்டான்.

“இவரு எதெதையோ எடுத்து எடுத்து வேகமாக்கினாரு. எடுத்தா வேகம்னா போட்டா மெதுவுதான?” என்றாள்.

வீடு திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, அத்தனை பேர் நடுவில் நீ ஏன் வாயைத் திறந்தாய் என்று கேட்டேன்.

“அழிக்கிற ரோசனை நான் சொன்னதுன்னு அங்க சொன்னேனா?” என்றாள். அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து, தோழன் தன் மண்டியின் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினான். ஊரில் பெண்பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பெண் இருந்தால் நல்லது என்றான். ஆள் யார் என்று நான் கேட்கக் காத்திருந்தான். நான் கேட்கவில்லை. உன் மனைவிதான் என்று அவனே சொன்னான். வீட்டு வேலையே அவளுக்குச் சரியாக இருக்கிறது, கேட்டுப் பார்த்தேன், மாட்டேன் என்றுவிட்டாள் என்று பதில் சொன்னேன். நான் கேட்கவே இல்லை. என்னைக் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

அவனுடைய மனைவி மீன் வாங்கும் இடத்தில் என் மனைவியைப் பார்த்து, ஏன் வர மாட்டேன் என்றாய் என்று விசாரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் கூடையைக் கீழே வைத்தாள்.

“என்னைக் கேட்டியா நீ?”

“இல்ல.”

“ஏன் கேக்கல?”

எனக்குப் பொறுக்கவில்லை என்று சொன்னேன். அவனிடம் இருந்தது பொறுக்கவில்லை, உனக்குத் தெரிந்ததும் பொறுக்கவில்லை. அதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். மீனை ஆயப் போய்விட்டாள். மறுநாள் காலை குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, சோறு மூடி வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு மண்டியின் மாடிப்படி ஏறினாள். முதல் இரண்டு வாரம் தோழனிடம் கற்றுக்கொண்டு, பிறகு வகுப்பெடுக்கத் தொடங்கினாள்.

கடைக்கு வருகிறவர்களெல்லாம், வீட்டம்மா கிளாஸ் எடுக்கிறார்களாமே என்று கேட்டார்கள். முதல் மாதம் வெறுமனே தலையாட்டினேன். பெருமை என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். ஒரு நாள் மாடியில் திரை ஒன்று பழுதாகிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். சரிசெய்துவிட்டு இறங்காமல் அங்கேயே நின்றேன். அந்தப் புதிய கம்ப்யூட்டரில் தட்டுகளை எப்படிக் கையாள்வது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. தோழனிடம் கேட்கக் கூச்சப்பட்டே அதுவரை கற்றுக்கொள்ளாமல் இருந்தேன்.

நானும் சேரலாமா என்று கேட்டேன். முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வீட்டில் என்னை நீ என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு அத்தனை பேர் முன்னிலையில் மரியாதையாகச் சொன்னாள்.

“கடைசியில ஒரு எடம் கீது. அங்க ஒக்காருங்க. மொதல்ல நோட்டு வாங்கினு வாங்க.”

கீழே இறங்கிப்போய் நோட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.